ஒரே கிடையில் அடைக்க முடியாது

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் குறிப்பில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அரசு நிலத்தில் மாடு மேய்க்கும் பண்ணைக்காரர் கிளைவன் பண்டியை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். என் தாத்தா சிவகங்கைப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டவர். வனத்துறைக்காரர்கள் கிடையைக் கலைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். தலைமுறைகளாக மாடு மேய்த்த இடத்தில் இனி மேய்க்காதே என்று தலைநகரிலிருந்து காகிதம் வந்தால் எவன்தான் பொறுப்பான்? முன்பு பாலைவன ஆமையைக் காக்க வேண்டும் என்று காரணம் காட்டினார்கள், இப்போது காலநிலை மாற்றத்தைக் காட்டுகிறார்கள். அரசுக்குக் கிடைத்த இன்னொரு சாக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. வழக்கமாக எளியவர் பக்கம் நிற்பவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அந்தச் சொல் அவசரத்தில் விழுந்ததுதான். ஆனால் திரும்பப் பெறுவதாக இல்லை. உங்கள் தாத்தாவையும் பண்டியையும் ஒரே கிடையில் அடைக்க முடியாது என்பது முதல் காரணம்.

நெவாடா மாநிலத்தில் ஏறத்தாழ 80 சதவீத நிலம் மத்திய அரசுடையது. அது பிடுங்கிய நிலம் என்பது பண்டியின் வாதம். 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை வளமுள்ள அயோவா மாநிலத்தில் அதை வைத்துக்கொண்டு வாழலாம். நெவாடாவில் ஒரு மாட்டுக்கே அது போதாத இடங்கள் உண்டு. எனவே வந்தவர்கள் ஊற்றும் ஓடையும் உள்ள துண்டுகளை மட்டும் பட்டா வாங்கிக்கொண்டு, சுற்றியுள்ள வெளியில் மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். கேட்பாரில்லை. புல் அழிந்தது. 1930 வாக்கில் அதிபர் ஹூவர் அந்த நிலங்களின் மேற்பரப்பை மாநிலங்களுக்கே தந்துவிட முன்வந்தபோது, கனிமத்தை நீங்கள் வைத்துக்கொண்டு மேய்ந்து தீர்ந்த மண்ணை எங்கள் தலையில் கட்டுகிறீர்களா என்று மாநிலங்கள் மறுத்துவிட்டன. இதைப் பண்டி தரப்பு பேசுவதே இல்லை.

1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. பண்ணைக்காரர்களில் பலர் அதை வரவேற்றார்கள். ஊர் ஊராக ஆடு ஓட்டி வந்தவர்களை வெளியேற்ற அது உதவியது. அதாவது உங்கள் தாத்தாவைப் போன்றவர்களை! மேய்ச்சல் உரிமம் நிலத்தின்மீது எந்தப் பாத்தியதையும் தராது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் நடைமுறை வேறு. பண்ணை கைமாறும்போது உரிமமும் சேர்த்தே விலை பேசப்படுகிறது, வங்கி அதை மதிப்பிட்டுக் கடன் கொடுக்கிறது. புறம்போக்கில் வீடு கட்டி அதை இரண்டு கை மாற்றி விற்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கலை நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை 1.35 டாலர்தான். தனியார் நிலத்தில் இதற்குப் பல மடங்கு கொடுக்க வேண்டும். பாலைவன ஆமை 1990-இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்து மேய்ச்சலைக் குறைக்கச் சொன்னபோது, 1993-இலிருந்து பண்டி மேய்ச்சல் கட்டணத்தையும் கட்டவில்லை. 1998-இல் நீதிமன்றம் மாடுகளை அகற்றச் சொன்னது. 2014 ஏப்ரலில்தான் அரசு வந்து பிடித்தது. நாடெங்கிலுமிருந்து ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். நெடுஞ்சாலைப் பாலத்தில் ஒருவர் குப்புறப் படுத்து, கான்கிரீட் தடுப்பின் இடுக்கு வழியே துப்பாக்கியை நீட்டிக் குறிபார்க்கும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரசு பட்டியைத் திறந்துவிட்டது.

இனி, காலநிலை மாற்றம் ‘சாக்கு’ என்றீர்களே, அதற்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், உறவினர் ஒருவருடன் நெவாடாவின் எல்கோ பக்கம் போயிருந்தேன். அங்கே ஒரு பண்ணைக்காரர் டேங்கர் லாரியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தொட்டி என்பது தங்கச் சுரங்க லாரியின் பழைய டயர். படுக்கப்போட்டு நடுவில் சிமெண்ட் கொட்டியிருந்தார்கள். உள்ளே சரிவாக ஒரு கம்பிவலை, தண்ணீர் குடிக்க வந்து விழும் குருவியும் அணிலும் ஏறித் தப்பிக்க. அரசு வைக்கச் சொன்னது என்றார், கொஞ்சம் சலிப்போடு. பிறகு அவரே, இப்போதெல்லாம் தொட்டியில் எதுவும் செத்து மிதப்பதில்லை என்றும் சொன்னார். ஊற்று வற்றி மூன்று வருடமாம். தண்ணீரைச் சுமந்து வந்து ஊற்றுவதில் மாடு தரும் லாபம் போய்விடுகிறது.

குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். வைக்கோல் நிறம், தொட்டால் நொறுங்கியது. ‘சீட்கிராஸ்’ என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட களை. மார்ச், ஏப்ரலில் பச்சையாக நிற்கும். ஜூனில் காய்ந்து தீக்குக் காத்திருக்கும். அதன் விதைமுள்ளை என் காலுறையிலிருந்து எடுக்க அன்று இரவு அரைமணி நேரம் ஆனது. அந்த மண்ணுக்கே உரிய சேஜ்பிரஷ் புதர் ஒருமுறை எரிந்தால் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், இந்தப் புல்லோ அடுத்த வருடமே வந்துவிடும். 2018 ஜூலையில் வடக்கு நெவாடாவில் ‘மார்ட்டின்’ என்று பெயரிட்ட காட்டுத்தீ 4.35 லட்சம் ஏக்கரை எரித்தது. எரிந்த இடத்தில் பொதுவாக இரண்டு பருவம் மாடு விடக்கூடாது. அந்த இரண்டு வருடம் மாட்டை எங்கே கொண்டுபோவது? விற்க வேண்டும். எல்லாரும் ஒன்றாக விற்றால் விலை விழும்.

அவர் சொன்ன குறை நியாயமானது. “பச்சையாக இருப்பது ஏப்ரல். என் உரிமத்தில் மாட்டை விடும் தேதி மே. தேதியை மாற்ற ஆய்வு, ஆட்சேபம், வழக்கு. அதற்குள் புல் காய்ந்துவிடுகிறது.” வசந்தம் முந்தி வருகிறது, கோப்பு பழைய தேதியில் நிற்கிறது. அரசைத் திட்ட வேண்டுமென்றால் நான் இதற்குத்தான் திட்டுவேன். வறட்சியை அரசு கற்பனை செய்யவில்லை. தென்மேற்கு அமெரிக்காவில் 2000 முதல் 2021 வரையிலான 22 ஆண்டுகள், 1200 ஆண்டுகளில் மிக வறண்டவை என்று மரவளையங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஐந்தில் இரண்டு பங்கு மனிதரால் ஏறிய வெப்பத்தின் கணக்கு. அந்த எல்கோக்காரர் ‘காலநிலை மாற்றம்’ என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. டேங்கர் ஓட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

எளியவர் என்று கேட்டீர்களே. அதே நெவாடாவில், கிரெசன்ட் பள்ளத்தாக்கில், மேரி டான், கேரி டான் என்று இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். மேற்கு ஷோஷோனிப் பழங்குடியினர். அவர்களும் மேய்ச்சல் கட்டணம் கட்ட மறுத்தார்கள். அமெரிக்க அரசோடு செய்த 1863 ஒப்பந்தத்தில் எங்கள் மக்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை என்பது அவர்கள் வாதம். 1974-இல் அரசு வழக்குப் போட்டது. நிலத்துக்கு 1872-ஆம் ஆண்டு விலையில் இழப்பீடு கணக்கிட்டு, ஷோஷோனிகள் தொட மறுத்த பணத்தைக் கருவூலத்தில் போட்டுவைத்தார்கள். கருவூலக் கணக்கில் போட்டதே கொடுத்ததாகும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊரில் கோர்ட்டில் பணம் கட்டிவிட்டேன் என்பார்களே, அதேதான். 2002 செப்டம்பரில் ஆயுதம் தாங்கிய ஆட்களும் ஹெலிகாப்டரும் வந்து இருநூறுக்கும் மேற்பட்ட மாடுகளை ஓட்டிப்போய் ஏலம் விட்டார்கள். அந்தச் சகோதரிகளுக்காகப் பாலத்தில் யாரும் துப்பாக்கியோடு படுக்கவில்லை. அவர்கள் மக்கள் அந்த மண்ணில் வாழ்ந்த காலத்தோடு ஒப்பிட்டால், பண்டி பேசும் தலைமுறைக் கணக்கெல்லாம் மிகச் சின்னது. மேரி 2005-இல் இறந்தார், கேரி 2021-இல்.

2014 மோதலுக்காகப் பண்டியின் மீது போட்ட வழக்கு, அரசுத் தரப்பு ஆதாரங்களை மறைத்தது என்பதற்காக 2018-இல் தள்ளுபடியானது. அவர் மாடுகள் அதன் பிறகும் அங்கேதான் மேய்ந்தன.

உங்கள் தாத்தாவின் கிடையைக் கலைத்தது எந்தக் காட்டில், எந்த வருடம்? எத்தனை ஆடு, அபராதம் எவ்வளவு? தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள். அப்படியே வெளியிடுகிறேன்.