இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு எழுதும் உணவக விமர்சனத்தை நம்பலாமா?

"உணவகத்தின் அழைப்பின் பேரில் இலவசமாகச் சாப்பிட்டேன் என்று எழுதுபவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பேன். ஒரு வார இதழின் உணவுப் பக்கத்தில் சில காலம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவன் நான். ஓசியில் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் பொய் எழுதுவதில்லை. நன்றாக இருந்த நான்கு அயிட்டங்களைப் பற்றி விரிவாக எழுதுவார்கள், நன்றாக இல்லாத ஐந்தாவதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். இப்படி விட்டுப்போனதை எந்த அறிவிப்பும் ஈடுகட்டாது. தவிர, உணவகம் அழைத்த விருந்தாளிக்குக் கிடைக்கும் தட்டும் காசு கொடுத்துப் போகிற உங்களுக்குக் கிடைக்கும் தட்டும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதிக் காட்டியவர் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ரூத் ரைக்கில். 1993இல் லெ சிர்க் என்ற பெரிய உணவகத்துக்கு மாறுவேடத்தில், யாரோ ஒரு பெண்ணாகப் போனார். காக்க வைத்தார்கள், கண்டுகொள்ளவில்லை. விமர்சகர் என்று அடையாளம் தெரிந்தபின் போனபோது ராஜ உபசாரம். இரண்டையும் ஒரே விமர்சனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி, அந்த உணவகத்துக்கு இருந்த நான்கு நட்சத்திர மதிப்பீட்டை மூன்றாகக் குறைத்தார்.

அடையாளத்தை மறைத்துப் போவது, ஒரு முறைக்கு மேல் போவது, பில்லைப் பத்திரிகையே கட்டுவது ஆகிய மூன்றையும் அதே பத்திரிகையில் நடைமுறையாக்கியவர் கிரெய்க் கிளெய்போர்ன். 1957இல் அங்கே உணவுப் பகுதி ஆசிரியராகச் சேர்ந்தவர். பின்னாளில் அமெரிக்க உணவு இதழியலாளர் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளிலும் இவை இருந்தன. புதிதாகத் திறந்த உணவகத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் விமர்சிக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருந்தார்கள். நியாயமான விதி. ஆனால் இன்று திறப்பு விழா அன்றே வீடியோ வந்துவிடுகிறது!

என்னைக் கேட்டால் மூன்றில் முக்கியம் பில்தான். அது கைக்காசாகவோ அலுவலகக் காசாகவோ இருந்தால்தான் மறுபடி போக முடியும், கேள்வி கேட்க முடியும். முகத்தை மறைப்பது அவ்வளவு அவசியமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் ஜொனாதன் கோல்டு 2015இல் தன் முகத்தை வெளிப்படையாகக் காட்டினார். சமையலறைகளில் அவர் படம் எப்போதோ ஒட்டப்பட்டிருக்கும்போது முகமூடி வெறும் நாடகம் என்றாகிவிட்டது.

பலரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது: சரிபார்ப்பு. அரசியல் செய்தியில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்காமல் போட மாட்டோம். உணவுப் பக்கத்தில் மட்டும் மெனு கார்டில் "நேரடியாகப் பண்ணையிலிருந்து" என்று அச்சடித்திருந்தால் அப்படியே எடுத்து எழுதிவிடுகிறோம்.

2016இல் அமெரிக்காவின் புளோரிடாவில் வரும் டாம்பா பே டைம்ஸ் நாளிதழின் லாரா ரைலி அந்த வேலையை ஒழுங்காகச் செய்தார். அவரும் உணவக விமர்சகர்தான். தன் பகுதி உணவகங்கள் எந்தெந்தப் பண்ணைகளில் வாங்குவதாகச் சொல்லிக்கொண்டனவோ அந்தப் பண்ணைகளுக்கே போன் போட்டுக் கேட்டார். "நாங்கள் அவர்களுக்கு விற்பதே இல்லையே" என்ற பதில்கள் வந்தன. கைப்பையில் பிளாஸ்டிக் உறைகளோடு போய், தட்டில் வந்த கடலுணவில் கொஞ்சம் எடுத்துவந்து மரபணுச் சோதனைக்குக் கொடுத்தார். உள்ளூர்ச் சரக்கு என்று சொன்னது தூர தேசத்திலிருந்து வந்த சரக்கு என்று தெரிந்தது. மறு ஆண்டு அவர் அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தார். ருசியைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் இந்த ஏமாற்று வெளியே வந்திருக்காது.

சமையல் குறிப்புக்கும் இதே கதைதான்: ஒருமுறையாவது சமைத்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. சமைத்துப் பார்த்தாரா என்பது அவர் எழுதியிருக்கும் நேரக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

கடுமையாக எழுதினால் வழக்கு வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரலாம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஐரிஷ் நியூஸ் நாளிதழ் வெளியிட்ட ஒரு விமர்சனத்துக்கு 2007இல் ஜூரி 25,000 பவுண்டு நஷ்டஈடு விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. எது தகவல், எது கருத்து என்ற வேறுபாட்டை ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லை என்பது காரணம். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது கருத்து. "நேற்றையதைச் சுட வைத்துக் கொடுத்தார்கள்" என்பது தகவல். அதை எழுதினால் கையில் ஆதாரம் வேண்டும்.

இலவசத்தையும் கட்டணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் விதி. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009லேயே வலைப்பதிவர்களையும் இதற்குள் கொண்டுவந்துவிட்டது. எனவே அந்த அறிவிப்பைப் பார்த்ததும் எழுதியவர் மேல் பெரிய மரியாதை எதுவும் எனக்கு வருவதில்லை, அது வெறும் சட்டக் கடமை. நான் பார்ப்பது வேறு: எத்தனை முறை போனார், பில் யார் கட்டியது, உரிமையாளரைத் தவிர வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டாரா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்ற இரண்டை மட்டும் அதிலிருந்து குறித்துக்கொள்வேன். அந்த நேரத்தையும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.