கம்ப்ரசர் ஆயிலில் ஆக்சிடேஷன் எண் திடீரென்று ஏறினால் ஆயிலை மாற்றிவிட வேண்டுமா?

ஸ்க்ரூ கம்ப்ரசரில் மினரல் ஆயில் ஓடுகிறது, எஃப்.டி.ஐ.ஆர். சோதனையில் (ஆயிலில் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்திப் பார்ப்பது) ஆக்சிடேஷன் எண், அதாவது ஆயிலில் ஆக்சிஜன் ஏறியதைக் காட்டும் எண், மூன்றே மாதத்தில் 5-லிருந்து 28 ஆகிவிட்டது, ஆனால் அமில எண் (ஆயில் கெடும்போது சேரும் அமிலத்தின் அளவு) அசையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயிலை இப்போதே வடித்துவிடாதீர்கள். முதலில் ஆய்வகத்திடம் அந்தச் சோதனையின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நான் ஓடிய ஆயில்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். சில வருடங்களுக்கு முன் ஒரு நூற்பாலையிலிருந்து கிட்டத்தட்ட இதே எண்களோடு ஒரு மாதிரி வந்தது. எண் வரம்பைத் தாண்டியதால் 'ஆயில் மாற்றவும்' என்று அறிக்கை அனுப்பிவிட்டோம். மறுநாள் பராமரிப்புப் பொறியாளர் போன் செய்தார். "சார், ஆயில் தேன் மாதிரி தெளிவா இருக்கு. வாடைகூட மாறலை. இது எப்படி சார் கெட்டுப்போகும்?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. வரைபடத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

அதில் என்ன தெரிந்தது என்று சொல்வதற்கு முன், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். மினரல் ஆயில் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். சூடும் காற்றும் சேர்ந்தால் ஆக்சிஜன் அதில் ஏறும். செம்பு, இரும்புத் துகள்கள் அதை இன்னும் முடுக்கும். ஸ்க்ரூ கம்ப்ரசரில் சூடான அழுத்தக் காற்றோடு ஆயில் நேரடியாகக் கலப்பதால் அங்கே இது வேகமாக நடக்கும். முதலில் பெராக்சைடுகள் உண்டாகி, அவை உடைந்து கீட்டோன், ஆல்டிஹைடு, கார்பாக்சிலிக் அமிலம் என்று மாறும். இவை எல்லாவற்றிலும் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும். அந்தப் பிணைப்பு அகச்சிவப்புக் கதிரை 1,670 முதல் 1,800 அலை எண் (ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) வரையிலான பகுதியில் உறிஞ்சும். சுத்தமான புது மினரல் ஆயிலில் அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அதனால்தான் 0.1 மி.மீ. தடிமனுள்ள ஆயில் படலத்தில் கதிரைச் செலுத்தி, புது ஆயிலைவிட அங்கே எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளக்கிறோம். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் ஈ 2412 நடைமுறையும் இந்தப் பகுதியைத்தான் பார்க்கச் சொல்கிறது.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. கருவிக்கு அந்தப் பிணைப்பு மட்டுமே தெரியும், அது எந்த வழியாக வந்தது என்று தெரியாது. எஸ்டர் வகை சிந்தெடிக் ஆயிலில் அதே பிணைப்பு பிறவியிலேயே இருக்கிறது, ஏராளமாகவும் இருக்கிறது. மினரல் ஆயிலில் அது கொஞ்சம் கலந்தாலே எண் எகிறிவிடும்.

நூற்பாலை மாதிரியில் அப்படித்தான் ஆகியிருந்தது. வெந்துபோன மினரல் ஆயிலில் பலவகைப் பொருட்கள் கலந்திருப்பதால் 1,710-ஐ ஒட்டி அகலமான, மழுங்கிய மேடு எழும்பும். எங்கள் வரைபடத்திலோ 1,740-ல் ஊசி போல ஒரே முகடு. கூடவே 1,150-க்கும் 1,250-க்கும் நடுவே முன்பு இல்லாத பலமான முகடுகள். அது எஸ்டரின் கைரேகை. விசாரித்தால், இரவு ஷிஃப்டில் மட்டம் குறைந்தபோது பக்கத்து மெஷினின் சிந்தெடிக் ஆயிலைச் சில லிட்டர் ஊற்றியிருக்கிறார்கள். உங்கள் கம்ப்ரசரிலும் அமில எண் ஏறாமல் ஆக்சிடேஷன் மட்டும் பாய்ந்திருப்பதால் என் முதல் சந்தேகம் இதுதான். கலப்பு உறுதியானால் அதையும் விட்டுவிடக் கூடாது. சில ரப்பர் சீல்களை எஸ்டர் ஊதவைக்கும். கம்ப்ரசர் தயாரிப்பாளரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், 3,650-ல் ஒரு குட்டி முகடு இருக்கிறதா என்று பாருங்கள். பீனால் வகை ஆன்டி ஆக்சிடன்ட் (ஆக்சிஜன் ஏறுவதைத் தடுக்கும் மருந்து) சேர்த்த ஆயிலாக இருந்தால் அது அங்கே தெரியும். அந்த மருந்து தீரும்வரை ஆயில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். தீர்ந்தபின்தான் 1,710 மேடு வேகமாக வளரும். என்னைக் கேட்டால், ஆக்சிடேஷன் எண்ணைவிட இந்த முகடு தேய்வதைக் கவனிப்பதுதான் முன்கூட்டியே எச்சரிக்கும்.

ஆய்வகம் எந்தப் புது ஆயிலோடு ஒப்பிட்டது என்றும் கேளுங்கள். பழைய பேட்ச் ஆயிலையோ, வேறு கிரேடையோ அடிப்படையாக வைத்திருந்தால் கணக்கே தப்பிப்போகும். நீங்கள் ஊற்றும் அதே டிரம்மிலிருந்து 100 மில்லி புது ஆயிலைச் சேர்த்து அனுப்புங்கள். மாதிரியை மெஷின் ஓடிச் சூடாக இருக்கும்போதே, ஃபில்டருக்கு முன்னால் சுத்தமான பாட்டிலில் எடுங்கள். கடைசிச் சோதனைக்குப் பிறகு எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தீர்கள் என்பதையும் லேபிளில் எழுதுங்கள். புது ஆயில் நிறைய ஊற்றியிருந்தால் எண் இறங்கி, ஆயில் தேறிவிட்டது போலத் தெரியும்.

வரைபடம் கிடைத்தால் 1,600 முதல் 1,800 வரையிலான பகுதியையும் 1,100 முதல் 1,300 வரையிலான பகுதியையும் படமாகப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.