ஆல்பம் பக்கம் செய்யக் கணினி வாங்குகிறீர்களா? முதலில் பக்கத்தை அளந்து பாருங்கள்

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தன் மகளின் முதல் வருடப் படங்களை வைத்து டிஜிட்டல் ஸ்கிராப்புக் (படங்களோடு பூ, ரிப்பன் என்று கணினியிலேயே ஒட்டி அலங்கரிக்கும் ஆல்பம்) செய்து பார்க்கத் தொடங்கியவர், இப்போது தெரிந்தவர்கள் வீட்டு வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று மாதம் இரண்டு மூன்று ஆல்பம் செய்து கொடுக்கிறார். வேலை எல்லாம் போட்டோஷாப்பில். கையில் இருப்பது 2018-இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்), 1 டிபி ஹார்ட் டிஸ்க். “ஒரு பக்கத்தை சேவ் கொடுத்துவிட்டுப் போய்க் குக்கர் வைத்துவிட்டு வந்தாலும் முடிந்திருப்பதில்லை. பிரிண்ட் வந்தால் திரையில் பார்த்ததைவிட முகமெல்லாம் கறுத்திருக்கிறது. 80,000 ரூபாய்க்குள் புதிது வாங்கப் போனால், கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப்தான் சரிப்படும் என்கிறார் கடைக்காரர். மேக் வாங்குங்கள் என்கிறார் கொழுந்தனார். எதைக் கேட்பது?” என்பது அவர் கேள்வி.

இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கடிதத்தில் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். வேலை நகராமல் நிற்பது ராமும் ஹார்ட் டிஸ்க்கும் செய்யும் வேலை. முகம் கறுப்பது திரையின் வேலை. கேமிங் லேப்டாப்பில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. இந்த இரண்டு கோளாறுக்கும் அது மருந்தில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஸ்கிராப்புக் பக்கம் என்றால் பெரும்பாலும் 12 அங்குலத்துக்கு 12 அங்குலம், 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. பெருக்கினால் 3,600-க்கு 3,600. ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் பிக்சல். ஒரு பிக்சலுக்கு சிவப்பு, பச்சை, நீலம், அதோடு ஒளிபுகும் தன்மை என்று நான்கு பைட். பக்கம் முழுக்க நிறைந்த ஒரே ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) 52 எம்பி பிடிக்கும். பூ, ரிப்பன், பட்டன் போன்ற சின்ன உருப்படிகள் அவை அடைத்துக்கொள்ளும் இடத்துக்குத் தகுந்தபடிதான் பிடிக்கும் என்றாலும், முப்பது லேயர் கொண்ட பக்கம் சுலபமாக ஒரு ஜிபியை நெருங்கிவிடும். இதற்கு மேல், நீங்கள் பின்னால் போய் மாற்றிக்கொள்வதற்காகப் போட்டோஷாப் கடைசி 50 படிகளை வேறு நினைவில் வைத்துக்கொள்ளும். கல்யாண ஆல்பத்தின் 12-க்கு 36 ஷீட் என்றால் எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். 4 ஜிபி ராமில் விண்டோஸே பாதிக்கு மேல் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சத்தில் இந்த வேலை எப்படி நடக்கும்?

ராம் போதாதபோது போட்டோஷாப் ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தைப் பிடித்து அங்கே எழுதி எழுதி எடுக்கும். இதற்கு ஸ்கிராட்ச் டிஸ்க் என்று பெயர். பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில்தான் எழுதும். உங்கள் குக்கர் மூன்று விசில் விடுவது இதனால்தான். நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். போட்டோஷாப் ஜன்னலின் இடது கீழ் மூலையில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தி ‘எஃபிஷியன்சி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் ராம் தீர்ந்து டிஸ்க்கில் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

ஆக, 16 ஜிபி ராம் கட்டாயம். போட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சம் 8 என்று அதைத் தயாரிக்கும் அடோபி சொன்னாலும், கூடவே 16 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. பெரிய ஷீட் செய்யப் போகிறீர்கள் என்றால் 32. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடக்கிறது. அதனால் இப்போது 16 வாங்கி, பிற்பாடு சேர்த்துக்கொள்ள ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டாலும் போதும். மெலிசான லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அவற்றில் பிற்பாடு என்பதே கிடையாது. ‘ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை: ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டி, அதிலும் வேகமான என்விஎம்இ வகையில், 1 டிபி. 512 ஜிபி போதுமென்று தோன்றும். ஆனால் பூ, ரிப்பன் படங்கள் அடங்கிய ஸ்கிராப்புக் கிட்களை இறக்கி இறக்கிச் சேர்ப்பது நகைச்சீட்டு மாதிரி, ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

சரி, இப்போது திரைக்கு வருவோம். இதைப் பற்றி நீங்கள் கேட்டது ஒரே வரி, நான் சொல்ல வேண்டியதோ நிறைய.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு நிச்சயதார்த்த ஆல்பம் செய்தேன். பெண் கட்டியிருந்தது அரக்குப் பட்டு. என் விலை குறைந்த லேப்டாப் திரையில் அது மங்கலாகத் தெரிந்ததால் நிறத்தைத் தூக்கினேன், இன்னும் தூக்கினேன். அச்சாகி வந்த நாற்பது பக்கத்திலும் புடவை ரத்தச் சிவப்பு. பெண்ணின் அம்மா, “இது எங்க புடவையே இல்லைங்களே” என்றார். அச்சடித்த லேப்காரர் மேல் பழி போட முடியாது. நான் அனுப்பியதைத்தான் அவர் அடித்துக் கொடுத்திருந்தார். திரும்ப அச்சடித்த செலவு என் தலையில்.

விலை குறைந்த லேப்டாப் பலவற்றின் விவரத்தாளில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று பொடி எழுத்தில் இருக்கும். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு அது. அச்சுக்கூடங்கள் சாதாரணமாகக் கேட்கும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே அந்தத் திரை காட்டும். மீதி நிறங்கள் கோப்பில் இருக்கும், உங்கள் கண்ணுக்கு வராது. ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ என்றோ ‘72 சதவீதம் என்டிஎஸ்சி’ என்றோ இருந்தால் எடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேனல் ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். பழைய டிஎன் பேனலில் தலையைச் சற்று சாய்த்தாலே நிறம் மாறிவிடும். ஓஎல்இடி திரைகள் மங்கலான திரைகளுக்கு நேர் எதிர்: எல்லாவற்றையும் பளபளவென்று காட்டி உங்களை ஏமாற்றும். வாங்கினால் அதன் செட்டிங்கில் எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றி வைத்துக்கொண்டுதான் நிறவேலை செய்ய வேண்டும்.

முகம் கறுப்பதற்கு இதையும்விட எளிய காரணம் ஒன்று உண்டு. திரையின் பிரைட்னஸை முழுசாக ஏற்றி வைத்திருப்பீர்கள். திரை தானே ஒளி வீசுகிறது. காகிதம் அறை வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. வெளிச்சமான திரையில் ‘போதும்’ என்று நீங்கள் விட்ட முகம், காகிதத்தில் இருட்டாகத்தான் வரும். ஏற்கெனவே அச்சாகி வந்த ஒரு பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள். பாதிக்கும் கீழே வந்து நிற்கலாம், பயப்படாதீர்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டையும் அணைத்துவிடுங்கள். இதற்குப் பைசா செலவில்லை, இன்றைக்கே செய்யலாம். வேலை பெருகிய பிறகு திரையை அளந்து நிறம் திருத்தும் கேலிபிரேட்டர் கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

பிராசஸர் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். கடந்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் வந்த ஐ5 அல்லது ரைசன் 5 உங்களுக்குத் தாராளம். ஐ7-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ராமிலும் திரையிலும் போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டும் இப்போது வேண்டாம். உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இந்த வேலைக்குப் போதும். ஏஐ படம் உருவாக்கி நிரப்பும் போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் நடப்பது அடோபியின் சர்வரில், உங்கள் மேசையில் அல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யும்போது, பெயர் ‘எஃப்’ எழுத்தில் முடியும் இன்டெல் பிராசஸரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு போடாமல் திரையில் படமே வராது.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? நீங்கள் வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர். என் ஓட்டு டெஸ்க்டாப்புக்கு. அதே 80,000 ரூபாயில் நல்ல 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டரும், பிற்பாடு எதையும் மாற்றிக்கொள்ளும் வசதியும் கிடைக்கும், கழுத்தும் தப்பிக்கும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் நம் ஊர்க் கேள்வி. 600 விஏ யூபிஎஸ் ஒன்று போட்டுவிடுங்கள், சேவ் செய்து நிறுத்தும் அளவுக்கு நேரம் கிடைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் கணத்தில் கணினி அணைந்து எழலாம். வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ப் பக்கங்களைக் காட்டித் திருத்துகிறவராக இருந்தால் மட்டும் லேப்டாப்.

கொழுந்தனார் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 கடைசியில் வந்த எம்4 மேக் மினி 16 ஜிபி ராமோடு 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. இந்த வேலைக்கு நல்ல இயந்திரம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தனியாக வாங்கினாலும் உங்கள் தொகைக்குள் அடக்கப் பார்க்கலாம். ஆனால் அதன் டிஸ்க் 256 ஜிபிதான், ராமை ஒருபோதும் கூட்ட முடியாது. அப்புறம், மேக்கைப் பிரித்துச் சரிசெய்கிறவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மேக் வைத்திருந்தால்தான் டிசைனர் என்ற பேச்சுக்காக வாங்க வேண்டாம்.

மாதாமாதம் போட்டோஷாப் சந்தா கட்டுவது பாரமாக இருந்தால் அஃபினிட்டி என்ற மென்பொருளைப் பாருங்கள். 2025 அக்டோபரில் அதன் உரிமையாளரான கான்வா நிறுவனம் அதை இலவசமாக்கியது. போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பையும் திறக்கும். போட்டோஷாப்பிலேயே தொடர்ந்தால், பெயர் எழுதும்போது ‘கெ’, ‘கொ’வில் கொம்பு இடம் மாறி விழுகிறதா? புதுக் கணினி வாங்கினாலும் அது போகாது. எழுத்துக்கான அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இதற்காகவே இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவைக் கட்டி அழுகிறவர்களை எனக்குத் தெரியும்.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதே இணைப்பில் பொருந்தும் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டாலே அதற்கு உயிர் வரும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை இன்டெல் என்றால் விண்டோஸ் 11 ஏறும், அதற்கு முந்தையது என்றால் முறைப்படி ஏறாது. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு கேஸில் போட்டால் பேக்கப்புக்கு ஆகும். ஆனால் வயதான டிஸ்க், அதை மட்டும் நம்ப வேண்டாம். ஊரார் வீட்டு விசேஷப் படங்களின் இன்னொரு நகல் வேறோர் இடத்திலும் இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது, சரியாக அச்சாகி வந்த ஓர் ஆல்பம் பக்கத்தையும் அதே பக்கத்தின் ஜேபெக்கை ஒரு பென் டிரைவிலும் எடுத்துப் போங்கள். மானிட்டரின் பிரைட்னஸைக் குறைத்து, கோப்பைத் திறந்து, அச்சுப் பக்கத்தைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தோல் நிறமும் பட்டு நிறமும் ஒத்துப்போகிற மானிட்டருக்குப் பில் போடச் சொல்லுங்கள். பில்லில் மானிட்டரின் மாடல் எண், ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எந்த வகை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.