வாசகர் கேள்வி பதில்: தினம் ஒரு படம்

பகலில் ஆபீஸ், வீட்டுக்கு வந்தால் படுக்கையில் கிடக்கும் மாமியார். தினமும் ஒரு போட்டோ எடுத்தால் மனசு இலேசாகும் என்கிறாள் மகள். நிஜமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தினம் ஒரு படம் எடுப்பவர்களைப் பற்றி லங்காஸ்டர், ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2018இல் எழுதினார்கள். படத்துக்காக அவர்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள், நாலு பேரோடு பேசினார்கள், பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். சின்ன ஆய்வுதான். இதை மருந்தென்று நினைத்துவிடாதீர்கள்.

அழகைத் தேட வேண்டாம். ‘இன்றைக்கு எது கொஞ்சம் சுகமாக இருந்தது?’ என்று பாருங்கள். கவிழ்த்து வைத்த டம்ளரில் விழும் வெயில், கறிவேப்பிலைக் கொழுந்து, மாமியார் குடித்து முடித்த கஞ்சிக் கிண்ணம், எதுவானாலும் சரி. போனை எடுக்காமல் அரை நிமிடம் பாருங்கள். பிறகு கிட்டே போய் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். காரணம் உண்டு: 2014இல் அமெரிக்காவில் வெளியான அருங்காட்சியக ஆய்வில், பொருளை முழுசாகப் படம் பிடித்தவர்களுக்கு அது அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை. ஒரு பகுதியை ஜூம் செய்தவர்களுக்கு அந்த மறதி இல்லை.

மூன்று கிளிக் போதும். ராத்திரியே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டு, நாலு வார்த்தை எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு படங்களையும் சேர்த்துப் பாருங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறதோ, அதற்கு அடுத்த வாரம் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போட்டால் லைக் எண்ணத்தான் மனசு ஓடும்.

ஜூன் இங்கே குளிர்காலம், டர்பனில் சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும். அதனால் மதிய இடைவேளையிலேயே எடுத்துவிடுங்கள். டாக்சி ராங்கில் (டாக்சி நிறுத்தத்தில்) மட்டும் போனை வெளியே நீட்டாதீர்கள், பறிகொடுத்தால் மிச்சம் மன உளைச்சல்தான்.

கிட்டப் போனால் படம் மங்குகிறது, ஜன்னலோரம் எடுத்தால் பொருள் கறுத்துவிடுகிறது. எரிச்சல்தான் வருகிறது.
- வாசகர், பீனிக்ஸ், டர்பன்

முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். பாதி மங்கல் விரல் பிசுக்கு. நிறைய போன்களுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் கிட்டே ஃபோகஸ் ஆகாது. ஓரடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே நின்றால், வெளி வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்து கேமரா உள்ளே இருப்பதைக் கறுப்பாக்கிவிடும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள், ட்யூப்லைட்டை அணையுங்கள். பொருள் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைச் சரிசெய்யலாம்.

அப்பா போய் இரண்டு மாதம். கேமராவைத் திறந்தால் அவர் நாற்காலியைத்தான் எடுக்கிறேன். தப்பா?
- வாசகி, டொங்காட்

தப்பில்லை. ஆனால் படம் எடுப்பது நம்மை அந்தக் கணத்துக்குள் இன்னும் இழுத்துவிடும். நல்லது கூடுதல் நன்றாகத் தெரியும், வலியும் கூடுதலாக வலிக்கும். நாற்காலி நெஞ்சை அடைத்தால் அன்றைக்கு முற்றத்துக்குப் போய் வேறெதையாவது எடுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். உயிரை விடலாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே தென்னாப்பிரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 0800 567 567க்குப் பேசுங்கள். இலவச எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.