கைக்குழந்தையோடு தீம் பார்க்: பையில் எதை வைப்பது, எதை விடுவது?

பள்ளி லீவு விட்டதும் எனக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். மழைக்காலம் முழுக்கச் சளி, மூக்கடைப்பு, ஏப்ரல் பிறந்தால் “சிஸ்டர், மலம்புழா போறோம், கொச்சி போறோம், பாப்பாவுக்கு என்ன எடுத்துக்கணும்?” கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பொள்ளாச்சி, வால்பாறை என்று தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வருகின்றன. குழந்தைகள் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள், இப்போது பேரனைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் என்ற இரண்டு தகுதியிலும் பதில் சொல்கிறேன்.

மகனுக்கு 5 மாதம். மூத்தவளுக்காக மலம்புழா ஃபேண்டஸி பார்க் போகிறோம். போனில் பார்த்த லிஸ்டில் 43 சாமான் இருக்கிறது. எல்லாமே வேண்டுமா சிஸ்டர்? (சித்தூர்)

அத்தனையும் எடுத்தால் அதைத் தூக்குவதற்கு உங்கள் மாமனாரையும் டிக்கெட் போட்டுக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். லிஸ்டை மூடிவைத்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எத்தனை மணி நேரம்? எட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று மணிக்கு ஒன்று என்றால் டயப்பர் நாலு, கைவசம் கூடுதலாக இரண்டு. ஆக ஆறு. உடுப்பு மூன்று செட். ஒவ்வொரு செட்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். மாற்றும்போது புதியது வெளியே வரும், அழுக்கு அதே கவருக்குள் போகும். பைக்குள் கை விட்டுத் துழாவ வேண்டாம்.

அப்புறம் தோர்த்து, அதாவது துண்டு. நம் பக்கம் எந்த ஜவுளிக்கடையிலும் கிடைக்கிற மெல்லிய கேரளத் தோர்த்து நாலு எடுங்கள். டர்க்கி டவல் வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், சாயங்காலம்வரை காயாது. தோர்த்தைப் பிழிந்து பையின் வாரில் கட்டிவிட்டால் பாலக்காட்டுக் காற்றில் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். விரிப்பு, வாய் துடைக்க, பால் கொடுக்கும்போது மறைக்க, ஈரத் துணியாக நெற்றியில் போட என்று ஒரே துணி நாலு வேலை செய்யும்.

யாருடைய லிஸ்டிலும் இல்லாத ஒன்று: அம்மாவுக்கு ஒரு மாற்று உடுப்பு. பேரனுக்கு நாலு மாதம் இருக்கும்போது என் மகள் அது இல்லாமல் போனாள். பத்தரை மணிக்கு அவன் தோளில் கக்கினான். சாயங்காலம் ஐந்து மணிவரை புளித்த பால் வாசனையோடு சுற்றினாள். போட்டோவில் அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆறு மாதத்துக்குக் கீழே சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழல், தொப்பி, மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டை போதும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும், தெரியும்தானே. கேட் திறக்கும்போதே உள்ளே போங்கள். 11 மணியிலிருந்து 3 மணிவரை குழந்தை ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே இருக்கட்டும். மூத்தவளோடு சுற்ற ஒருவர், சின்னவனோடு உட்கார ஒருவர்.

வீட்டிலேயே விட வேண்டியவை: பவுடர் டப்பா (காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போகும்), கிரைப் வாட்டர், குட்டித் தலையணை, பொம்மைக் கூடை. ஒரு பொம்மை போதும். காலி பிஸ்கட் கவரைக் கொடுத்தால் அதையே அரை மணி நேரம் சரசரவென்று கசக்கிக்கொண்டிருப்பான், வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

பேத்திக்கு 4 மாதம். இந்த வெயிலில் கொஞ்சம் தண்ணீர் கொடுக்காமல் எப்படி அம்மா கூட்டிப்போவது? மருமகள் கேட்க மாட்டேன் என்கிறாள். (பொள்ளாச்சி)

மருமகள் சொல்வது சரி. ஆறு மாதம்வரை தாய்ப்பாலிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது. வெயில் நாளில் அடிக்கடி கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியது மருமகள்தான். இரண்டு லிட்டர் பாட்டிலை நீங்கள் சுமந்து, அவளைக் குடிக்க வையுங்கள். ஆறு மணி நேரமாக டயப்பர் நனையவே இல்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் பார்க்கில் இருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

பவுடர் பால் குடிக்கிற குழந்தை. பால் கலந்து எடுத்துப் போகலாமா? ஹோட்டலில் வெந்நீர் வாங்கிக்கொள்ளலாமா? (வாளையாறு)

கலந்து எடுத்துப் போகாதீர்கள். கலந்த பால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் வேண்டிய பவுடரை அளந்து, ஈரமில்லாத சின்னச் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். கொதித்த தண்ணீரை நல்ல ஃப்ளாஸ்கில் நிரப்புங்கள். பவுடரில் கிருமி இருக்கலாம் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில்தான் கலக்கச் சொல்கிறார்கள். கலந்த பிறகு பாட்டிலை மூடி, ஒரு மக் குழாய்த் தண்ணீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

இனி ஹோட்டல் தண்ணீர். எல்லையைத் தாண்டியதும் டேபிளில் இளஞ்சிவப்பாக ஒரு ஜக் வைப்பார்கள். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்தது. சில இடத்தில் சுக்கு வெள்ளம், ஜீரக வெள்ளம் (மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்). நமக்கு அருமையாக இருக்கும், நானே இரண்டு கிளாஸ் குடிப்பேன். ஆனால் சீக்கிரம் ஆற வேண்டுமே என்று அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் கடைகளும் உண்டு. வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதை நம்பிக் குழந்தைப் பாலில் ஊற்றக் கூடாது. மத்தியானம் ஃப்ளாஸ்க் ஆறிப்போனால் ஒரு டீக்கடைக்குப் போய், பாய்லரிலிருந்து தளதளவென்று நேராக உங்கள் ஃப்ளாஸ்கில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு டீ வாங்கினால் சிரித்துக்கொண்டே தருவார்கள்.

பிழிந்த தாய்ப்பால் எடுத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. நம் ஏப்ரலில் 25 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? உறைந்த ஐஸ் பேக்கோடு கூலர் பையில்தான் எடுத்துப் போக வேண்டும்.

11 மாதப் பாப்பாவை வேவ் பூலில் இறக்கலாமா? தண்ணீர் டயப்பர் என்று ஒன்று விற்கிறார்களே? (பொள்ளாச்சி)

அலையடிக்கிற வேவ் பூல் வேண்டாம். முழங்கால்கூட நனையாத குழந்தைகள் குளம் இருக்கும், அங்கே உங்கள் மடியில் உட்காரவைத்து விளையாடட்டும். அதுவும் பத்துப் பதினைந்து நிமிடம். சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உதடு நீலம் பாரித்து நடுங்கும். கையில் மாட்டுகிற காற்றுப் பலூனை நம்பி ஒரு கை தூரம்கூட விலகாதீர்கள். குழந்தை முழுகும்போது சத்தம் போடாது, கையைக் காலை அடிக்கவும் அடிக்காது. சாணளவு தண்ணீர் போதும்.

சாதாரண டயப்பரோடு இறக்கினால் அது தண்ணீரை உறிஞ்சிப் பலாப்பழம் மாதிரி ஊதும், கடைசியில் பிய்ந்து உள்ளே இருக்கும் ஜெல் எல்லாம் குளத்தில் மிதக்கும். ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவைவிட அதைச் சுத்தம் செய்த பையனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. தண்ணீர் டயப்பர் மலத்தைத்தான் பிடித்து வைக்கும், மூத்திரத்தை விட்டுவிடும். அதனால் இறக்குவதற்குச் சற்று முன்னால் மாட்டி, ஏறியதும் கழற்றிவிடுங்கள். வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போனால் கார் சீட்தான் நனையும். வயிற்றுப்போக்கு இருந்தால் இறக்கவே கூடாது. மற்றக் குழந்தைகளும் அதே தண்ணீரில்தான் இருக்கின்றன.

ஏறியதும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, கழுத்து, அக்குள், தொடை மடிப்பெல்லாம் தோர்த்தால் ஒற்றித் துடையுங்கள். குளோரின் பட்ட தோல் வறண்டுபோகும். தேங்காய்ப்பால் காய்ச்சி எடுக்கிற உருக்கு வெளிச்செண்ணெய் வீட்டில் இருந்தால் ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நல்ல தேங்காய் எண்ணெய்.

உங்கள் உடுப்பையும் மறக்காதீர்கள். பல பார்க்குகளில் காட்டன் சுடிதார், சேலையோடு தண்ணீரில் விட மாட்டார்கள், நைலான் மாதிரி துணிதான் கேட்பார்கள். குழந்தையைப் பிடிக்க நீங்களும் இறங்கியாக வேண்டுமே!

ஸ்ட்ரோலரா, நெஞ்சில் கட்டும் கேரியரா? (பாலக்காடு)

இதில் நான் பட்டிருக்கிறேன். பெரிய ஸ்ட்ரோலரோடு ஒரு பார்க்குக்குப் போனோம், பெயர் எதற்கு. தண்ணீர்ப் பகுதிக்கு இறங்க இருபது படி, சரிவுப் பாதை இல்லை. மாப்பிள்ளை ஒரு கையில் வண்டி, மறு கையில் பை. மகள் கையில் குழந்தை. என் கையில் எல்லோருடைய செருப்பும். அன்றிலிருந்து, குடை மாதிரி மடங்குகிற லேசான வண்டி இருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு என்பது என் கட்சி.

வண்டியில் தூங்கும் குழந்தைக்கு வெயில் படாமல் இருக்கத் துணியால் மூடிவிடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும், முகமும் தெரியாது. வண்டியைத் தள்ளி நிழலில் நிறுத்துங்கள். கொசுவலை போடலாம்.

கேரியரில் குழந்தையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரம். தாடை நெஞ்சில் மடங்கி அமுங்காமல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு உடம்புச் சூடும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுங்கள்.

இதெல்லாம் போக, என் பையில் தவறாமல் இருப்பது ஒரு பழைய நூல் சேலை. விரித்தால் பாய், தோளில் போட்டால் மறைப்பு, மடித்தால் தலைக்கு உயரம். போகிற வழியில் யாருடைய தோட்டத்திலாவது தாழ்ந்த மாங்கிளை கிடைத்தால் தூளி. தரையிலிருந்து ஒரு முழத்துக்குமேல் உயராமல் கட்டி, ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். பேரன் பத்தே நிமிடத்தில் தூங்கிப்போனான், ஐநூறு ரூபாய் வாடகை வண்டியில் ஒரு மணி நேரம் அழுதவன்.

கணவர், நான், 7 மாதக் குழந்தை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பைக்கில் மலம்புழா போய்வரலாமா?

வேண்டாம். 9 மாதம் முதல் 4 வயதுவரை உள்ள குழந்தையைப் பைக்கில் ஏற்றினால் ஹெல்மெட், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. உங்கள் குழந்தை அந்த வயதுக்கே வரவில்லை, ஹெல்மெட்டின் கனத்தை அதன் கழுத்து தாங்காது. பாலக்காடு டவுன்வரை ஒரு பஸ், அங்கிருந்து மலம்புழாவுக்கு இன்னொன்று. ஜன்னலோரம் கிடைத்தால் குழந்தைக்கு அதுவே பாதி பார்க்.

மருந்துப் பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும்? (செங்கோட்டை)

தெர்மாமீட்டர், ஓஆர்எஸ், உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த பாராசிட்டமால். அவ்வளவுதான்.

பாராசிட்டமாலில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 120, 125 என்று வரும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றிவிட்டு ஓடிவந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். எடைக்குத் தக்க அளவை டாக்டரிடம் கேட்டு, பாட்டிலிலேயே பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதிவிடுங்கள். கூட்டத்தில், அழுகைச் சத்தத்தில் ஞாபகம் நிற்காது.

ஓஆர்எஸ் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டைக் குத்துமதிப்பாக டம்ளரில் கொட்டினால் உப்பு கூடிக் கெடுதலாகிவிடும். எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 108. மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே டாக்டர்.

வெளிச் சாப்பாடு விடமாட்டார்களாமே? 8 மாதக் குழந்தைக்கு என்ன செய்வது? (மீனாட்சிபுரம்)

பெரியவர்களுடைய புளிசாதத்தைத்தான் கேட்டில் நிறுத்துவார்கள். குழந்தை உணவைப் பொதுவாகத் தடுப்பதில்லை. தனிப் பையில் மேலாக வைத்து, கேட்பதற்கு முன்னாலேயே காட்டிவிடுங்கள். வேகவைத்த நேந்திரம்பழம் தோலோடு ஒன்று, மசிக்க ஒரு ஸ்பூன். அதைப் போல வசதியானது வேறில்லை, தோலே டப்பா. வறுத்து அரைத்த ராகிப் பொடியோ குன்னன் வாழைக்காய்ப் பொடியோ கொண்டுபோய் அங்கே கஞ்சி வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அடுப்புக்கு எங்கே போவது? காலையில் காய்ச்சிய கஞ்சியும் மத்தியானம் வெயிலில் கெட்டுவிடும். இனிப்புக்குத் தேன் தொடாதீர்கள், ஒரு வயதுவரை தேன் கூடாது.

வளையல், அரைஞாண், கண்மை, திருஷ்டிப் பொட்டு? (சித்தூர் பாட்டி)

தங்கம் வீட்டில் இருக்கட்டும். கூட்டத்துக்குப் பயந்து பாதி, மணி கழன்று வாய்க்குள் போகும் என்று பாதி. கண்ணுக்கு மை வேண்டாம், வியர்வையில் வழிந்து எரியும். பொட்டைப் பாதத்தில் வையுங்கள் பாட்டி, திருஷ்டிக்குத் தெரியும் எங்கே இருக்கிறது என்று.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிப் பக்கம் பார்க்குக்குப் போகிறோம். 9 மாதக் குழந்தை. தனியாக ஏதாவது எடுக்க வேண்டுமா?

அது காட்டுப்பாதை. வழியில் நீண்ட தூரத்துக்குக் கடை கிடையாது, போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான். அதனால் டயப்பர், பால், தண்ணீர் எல்லாவற்றிலும் நான் மேலே சொன்ன கணக்கோடு ஒரு வேளையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்குச் சற்று முன்னால் வயிறு முட்டக் கொடுத்தால் வளைவில் கக்கிவிடும், அரை மணி முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். காரில் குழந்தைகளுக்கென்று இருக்கும் தனிச் சீட்டில் பின்பக்கம் பார்த்தபடி உட்காரட்டும், மடியில் வேண்டாம். நிறுத்தி டயப்பர் மாற்றுவதென்றால் செக்போஸ்ட் பக்கத்தில் மாற்றுங்கள், காட்டுக்குள் இறங்கி நிற்காதீர்கள். இருட்டிய பிறகு அந்த செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள். பெரியவர்களுக்கு இன்னும் ஒரு ரைடு மிச்சம் இருக்கிறது என்றாலும் மூன்று மணிக்கெல்லாம் பார்க்கை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.