முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பாட்டிலைத் திறக்காதீர்கள்

கேள்வி: கிளிப்பர் உலகச் சுற்றுப் பாய்மரப் பந்தயத்தில் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சேரப்போகிறேன். வாஷிங்டனில் ஏறி, ஸ்காட்லாந்தின் ஓபன் வழியாகப் போர்ட்ஸ்மத்தில் இறங்குவேன். படகில் 20 பேர். அதில் 7 பேர் உலகம் முழுவதும் சுற்றி வருகிறவர்கள். கரை சேரும் நாள் கொண்டாட்டத்தை ஏற்பாடு செய்யும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஷாம்பெயின் பீய்ச்ச வேண்டும், படகுத் தலைவரான ஸ்கிப்பரைத் தண்ணீரில் தள்ள வேண்டும், ஆபத்தில் உதவி கேட்கக் கொளுத்தும் சிவப்பு ஃப்ளேர் கொளுத்த வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அம்மா 40 பேருக்குப் பிரியாணி செய்து எடுத்துவரப் போகிறாராம். எதை எப்போது செய்வது? 11 மாதம் ஓட்டியவர்கள் நடுவில் ஒரு மாதம் மட்டும் இருந்த நான் இதையெல்லாம் நடத்துவது சரியா?
— வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

சரிதான், நீங்களே நடத்துங்கள். 11 மாதம் ஓட்டியவர்கள் அன்றைக்கு எதையும் ஏற்பாடு செய்யும் நிலையில் இருக்க மாட்டார்கள். அவர்களைவிடத் தூக்கம் மிச்சம் இருக்கிற ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

முதலில் நேரத்தைப் பற்றி. பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டுவது ஒரு நேரம், மிதக்கும் படகுத்துறையான பாண்டூனில் கயிறு கட்டி முடிப்பது இன்னொரு நேரம். நடுவில் சில மணி நேரம் போகும். எல்லாப் படகுகளும் அணிவகுத்துத் துறைமுகத்துக்குள் வரவேண்டும் என்று அமைப்பாளர்கள் வைத்திருந்தால் ஒரு நாள்கூட ஆகலாம். கொண்டாட்டத்தைப் பாண்டூன் நேரத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். கோட்டைத் தாண்டும்போது ஒரு கத்தல், கட்டிப்பிடித்தல், கொஞ்சம் கண்ணீர் போதும். அதற்குமேல் அங்கே எதுவும் வேண்டாம்.

ஏனென்றால் கோட்டைத் தாண்டியபின் வரும் அரை மணி நேரம்தான் ஆபத்தானது. தெற்குப் பெருங்கடலில் ஒரு விரல்கூட அடிபடாமல் வந்தவர்கள் சொந்த ஊர்த் துறைமுக வாசலில் கையை நசுக்கிக்கொள்வார்கள். கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே, பார்வையாளர் படகில் நிற்கும் அப்பாவுக்குக் கையசைப்பார்கள். பாயை இறக்கும்போது அதை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறு, படகின் மேல்தளமான டெக்கின் ஓரத்தைத் தாண்டித் தண்ணீரில் விழும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்ஜினைப் போட்டதும் அது புரொபெல்லரில் சுற்றிக்கொள்ளும். 70 அடிப் படகு, பல டன் எடை, இன்ஜின் இல்லை, சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் சின்னப் படகுகள். அந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள். இதைத் தடுக்க ஒரே ஒரு ஆள் போதும். பாய்கள் இறங்கியதும், இன்ஜின் சாவியைத் திருப்புவதற்கு முன், அவர் படகின் முனையிலிருந்து பின்பக்கம் வரை இரண்டு பக்கமும் நடந்து, ஒவ்வொரு கயிற்று நுனியும் டெக்கின் மேலே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் “சரி” என்று சொன்ன பிறகுதான் இன்ஜின். அவர் யார் என்பதை முந்தின நாளே ஸ்கிப்பரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். மோதலைத் தாங்கும் மெத்தைகளான ஃபெண்டர்கள் தொங்கி, முன் கயிறு, பின் கயிறு, படகு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங் கயிறுகள் கட்டி, இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்தால் பந்தயம் முடிந்தது. கொண்டாட்டம் அங்கிருந்து ஆரம்பம்.

இனி ஷாம்பெயின். ஒரு பாட்டிலுக்குள் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு, மூன்று மடங்கு அழுத்தம் இருக்கும். அலையில் குலுங்கி, வெயிலில் சூடேறிய பாட்டில் என்றால் கார்க்கைப் பிடித்திருக்கும் கம்பியைக் கழற்றியதுமே கார்க் தானாகப் பறக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே பாட்டில்களைப் படகில் ஏற்றாதீர்கள். கரையில் இருக்கும் நண்பர் ஒருவர் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். 750 மில்லி பாட்டிலில் 6 கோப்பை கிடைக்கும். 20 பேருக்கு 4 பாட்டில் குடிக்க, ஒன்று பீய்ச்ச. பீய்ச்சுவதற்கு விலை குறைந்த ஸ்பார்க்ளிங் ஒயினே போதும், நுரை அதே நுரைதான். கம்பியை ஆறு அரைத் திருப்புகளில் அவிழ்க்கும்போது கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்க வேண்டும். பிறகு கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்ப வேண்டும். கண்ணாடிக் கோப்பை கூடாது. பாதிப் பேர் வெறுங்காலோடு நிற்பார்கள், பாண்டூன் பலகையின் இடுக்கில் போன கண்ணாடிச் சில்லை யாரும் பொறுக்க முடியாது.

பீய்ச்சுவதற்கு முன் எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். இதை அனேகமாக எல்லோரும் மறந்துவிடுவார்கள். தானாக ஊதும் ஜாக்கெட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தம் பட்டால்தான் வேலை செய்யும். இன்னொன்றில் ஒரு சின்ன மாத்திரை இருக்கும், அது நனைந்து கரைந்தால் உடனே வெடித்து ஊதும். இந்த இரண்டாவது வகைக்குக் கடல்நீரும் ஷாம்பெயினும் ஒன்றுதான். வரிசையாக நான்கு பேர் கழுத்தைச் சுற்றி மஞ்சளாக உப்பி நிற்பது படத்துக்கு வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் புது வாயு உருளையும் மாத்திரையும் வாங்கி மாற்ற வேண்டும்.

ஸ்கிப்பரைத் தள்ளுவது பழைய வழக்கம். அவர் முன்கூட்டியே சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். செய்வதென்றால் முதல் மடக்கு குடிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஜூலையில்கூடப் போர்ட்ஸ்மத் பக்கம் கடல்நீர் 17, 18 டிகிரிக்குமேல் பெரும்பாலும் போகாது. விழுந்ததும் மூச்சு இழுக்கும். பூட்ஸும் மழைக்கோட்டும் போட்ட ஆளை மேலே இழுப்பது பெரும்பாடு. பூட்ஸ் கழற்றியிருக்க வேண்டும், செல்போனும் கத்தியும் பாக்கெட்டில் இருக்கக்கூடாது, ஏணி எங்கே என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும், பக்கத்துப் படகின் இன்ஜினும் ஓடக்கூடாது. பல மரீனாக்களில், அதாவது படகு நிறுத்தும் துறைகளில், தண்ணீரில் இறங்கவே தடை உண்டு. துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள், ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினாலும் ஸ்கிப்பர் சிரிப்பார்.

ஃப்ளேர் வேண்டவே வேண்டாம். தனி ஆளாக உலகைச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயம் முடியும், பிரான்ஸின் லே சாப்ல் தொலோன் ஊரின் கால்வாயில் சிவப்பு ஒளியில் வீரர்கள் நிற்கும் படங்களைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. அது அந்த ஊரே எதிர்பார்த்து நடக்கிற வரவேற்பு. பிரிட்டனில் ஆபத்து இல்லாமல் ஆபத்து அறிவிப்பு ஃப்ளேரைக் கொளுத்துவது குற்றம். கையில் பிடிக்கும் ஃப்ளேர் ஒரு நிமிடம் எரியும், உருகிய துளிகள் சொட்டும். பாய்த்துணியிலோ டெக்கிலோ பக்கத்தில் நிற்பவரின் மேலோ விழுந்தால் ஓட்டை போட்டுவிடும். காலாவதியான ஃப்ளேர் இன்னும் மோசம். வெளிச்சம் வேண்டும் என்றால் அமைப்பாளர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் முறையாகச் செய்வார்கள்.

அம்மாவின் பிரியாணிக்கு வருவோம். அந்த அன்பை வீணாக்கிவிடாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். ஆங்கிலக் கால்வாயில் நீரோட்டம் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். காற்று விழுந்து, ஓட்டம் எதிராக இருந்தால் படகு நங்கூரம் போட்டுக்கூட நிற்கும். மதியம் 12 என்று சொன்ன படகு இரவு 2 மணிக்கு வரும். சமைத்த சோறு காத்திருக்காது: சூடாக வைப்பதென்றால் 63 டிகிரிக்குக் குறையக்கூடாது, குறைந்தால் 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். போதாததற்கு, வாரக்கணக்காக உலர் உணவும் டப்பா உணவும் சாப்பிட்ட வயிறு, நெய்யும் மசாலாவும் மதுவும் ஒன்றாக இறங்கினால் திருப்பி அனுப்பிவிடும். பாண்டூனில் தர்பூசணி, வெள்ளரி, தக்காளி, அவித்த முட்டை, நல்ல ரொட்டி, ஆளுக்கு அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். பச்சையாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும் எதுவும் அவர்களுக்கு அமிர்தம். பிரியாணியை மறுநாள் மதியம் போடச் சொல்லுங்கள். 40 பேருக்கு 5 கிலோ அரிசி தாராளம். காரம் பாதி போதும், தயிர்ப் பச்சடி இரட்டிப்பாக இருக்கட்டும்.

மது விஷயத்தில் உங்கள் கண் எல்லோர் மேலும் இருக்க வேண்டும். கடலில் குடிக்காமல் வந்தவர்களுக்கு, எடையும் குறைந்து தூக்கமும் கெட்டிருக்கும் நிலையில், பழைய அளவில் பாதியே தூக்கிப்போடும். அதோடு தரையே ஆடும். காது சமநிலை கடலுக்குப் பழகிவிட்டதால் வரும் ஆட்டம் அது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு நாளில் போய்விடும். முக்கியமாகக் குளியலறையைச் சொல்லிவையுங்கள். தலைக்கு ஷாம்பு போட்டுக் கண்ணை மூடிய அந்த நொடியில் ஆள் அப்படியே சாய்ந்து விழுவார். ஒரு கை சுவரில் இருக்கட்டும். முதல் இரவு விருந்தை இரவு 9 மணிக்கு முடித்துவிடலாம். அதற்குமேல் உட்கார்ந்திருப்பவர்கள் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாட்ச்சுக்கு, அதாவது படகில் முறைவேலைக்கு, எழுந்த உடம்பு அன்றைக்கும் அதிகாலையில் எழுப்பிவிடும்.

இனி ஆட்கள். இந்தப் பந்தயத்தில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் முழுச் சுற்றுக்காரர்களுக்கும் ஒரு கட்டக்காரர்களுக்கும் நடுவில்தான். பந்தயம் எட்டுக் கட்டங்கள், ஏறத்தாழ 40,000 கடல் மைல். கேப் டவுனில் இறங்கியவர், சியாட்டிலில் ஏறியவர், அடிபட்டு நடுவழியில் வீடு திரும்பியவர் என்று பலர் அன்று கரையில் நிற்பார்கள். படகிலிருந்து இறங்குபவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளும்போது அவர்கள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கைதட்டுவார்கள், அது வலிக்கும். எனவே இரண்டு படம் எடுங்கள். முதலில் கடைசிக் கட்டத்தில் வந்தவர்கள், பிறகு அந்தப் படகில் என்றைக்காவது வாட்ச் நின்ற எல்லோரும். முழுப் பெயர்ப் பட்டியலைக் கட்டம் கட்டமாக இப்போதே ஸ்கிப்பரிடம் வாங்கி, விருந்தில் ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. முழுச் சுற்றுக்காரர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு முதல் கைதட்டல் நீங்கள் தரவேண்டும், அதுதான் உங்கள் இடத்துக்கும் அழகு.

குடும்பங்களுக்கு முன்பே செய்தி அனுப்புங்கள்: கயிறு கட்டியதிலிருந்து முதல் அரை மணி நேரம் குழுவினருக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் அம்மா, அப்பா, கணவர், குழந்தை எல்லோரும் ஒரே நேரத்தில் பாண்டூனில் இறங்குவார்கள், 20 பேரும் ஒரே நொடியில் பிரிந்துபோவார்கள், அதற்குப் பிறகு அந்த 20 பேரை ஒன்றாகப் பார்ப்பது அபூர்வம். போர்ட்ஸ்மத் ஹார்பர் ரயில் நிலையத்திலிருந்து, துறைமுகத்தை ஒட்டிய கடை வளாகமான கன்வார்ஃப் கீஸ் சில நிமிட நடை. வயதானவர்கள் அங்கே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, நீங்கள் அழைத்ததும் வரலாம்.

படகைக் கழுவும் வேலை மறுநாள் காலை. மிச்ச உணவை அகற்றி, படகின் அடிப்பள்ளமான பில்ஜைத் துடைத்து, பாய்களை உலர்த்தி, உடைந்த பொருள்களின் பட்டியல் எழுதுவதற்கு எல்லாக் கைகளும் தேவைப்படும். அதற்கு முன் யாரும் ஊருக்கு ரயில் டிக்கெட் போடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கழுவி முடித்த கையோடு பிரியாணி.

இன்னொரு தேதியையும் அன்றைக்கே குறித்துவிடுங்கள். வீடு திரும்பி மூன்று, நான்கு வாரங்களில் முழுச் சுற்றுக்காரர்கள் பலருக்கு மனம் சோர்ந்துபோகும். வேலை இருக்காது, வாட்ச் இருக்காது, நள்ளிரவில் எழுப்பிச் சூடாகத் தேநீர் தர ஆள் இருக்காது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு, லண்டனிலோ போர்ட்ஸ்மத்திலோ ஒரு மதியச் சாப்பாடு என்று போட்டுவையுங்கள். எல்லோருடைய படங்களையும் வீடியோக்களையும் அதற்குள் ஒரே இடத்தில் சேர்த்து, அன்றைக்கு வருகிறவர்களுக்கு ஒரு பென் டிரைவில் கொடுங்கள்.