10 வயது மகளுக்கு பிஎம்ஐ 16.3 என்றால் மெலிவா?

மகளுக்கு 10 வயது, 138 செ.மீ., 31 கிலோ, செல்போன் ஆப் 'எடை குறைவு' என்கிறது, டப்பா பவுடர் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அந்த ஆப் வயதைக் கேட்டதா? கேட்டிருக்காது. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எப்படி என்று காட்டும் எண்) 18.5-க்குக் கீழே போனால் மெலிவு என்பது பெரியவர்களுக்கான அளவு. கிலோவை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் பிள்ளைகளுக்கு வரும் எண்ணை வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் தனியாக உள்ள வளர்ச்சி அட்டவணையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையில் 10 வயதுப் பெண்ணுக்கு நடு அளவே 16.6 தான். உங்கள் பெண் அதை ஒட்டித்தான் நிற்கிறாள்.

நான் ஏமாந்தது இதற்கு நேர் எதிராக. மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். பையனுக்கு அப்போது 10 வயது, இதே 138 செ.மீ., ஆனால் 38 கிலோ. பிஎம்ஐ 20. ஆப் பச்சை காட்டியது, அம்மா வேறு 'புள்ள பூசினாப்ல இருக்கான், கண்ணு வைக்காதீங்க' என்று திருஷ்டி கழித்தார். காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர் அட்டவணையில் புள்ளி வைத்துக் காட்டினார்: அந்த வயதுப் பையனுக்கு 18.5 தாண்டினாலே அதிக எடை. இதே 20 ஒரு 16 வயதுப் பையனுக்கு இருந்தால் ஒன்றுமே இல்லை.

ஏன் இப்படி? ஒரு வயதுக்கு மேல் பிஎம்ஐ இறங்கிக்கொண்டே வந்து ஐந்து ஆறு வயதில் அடிமட்டம் தொட்டு மறுபடி ஏறும், பெண் பிள்ளைகள் பையன்களுக்கு முன்னாலேயே சட்டென்று வளர்வார்கள். நம்மூர்க் கணக்கில் சொன்னால், 75-ம் நாள் வயலில் நின்று, குறுகிய கால நெல்லான குறுவை கதிர் தள்ளப் போகிறது, நீண்ட கால நெல்லான சம்பா ஏன் இன்னும் தூர் கட்டிக்கொண்டே இருக்கிறது என்று யாராவது கவலைப்படுவோமா?

பட்டினி போடக் கூடாது, எடை ஏறாமல் பிடித்தால் போதும், உயரம் பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர். டியூஷனுக்கு ஸ்கூட்டரில் விடுவதை நிறுத்திவிட்டு சைக்கிளில் அனுப்பினேன், சாயங்கால பஜ்ஜியும் குறைந்தது (எனக்கும்தான்). அடுத்த வருடம் 144 செ.மீ., 39 கிலோ. 18.8 ஆகிவிட்டது, 11 வயதுப் பையனுக்கு அதிக எடைக் கோடு 19.2.

அப்புறம், உயரத்தைச் செருப்பு இல்லாமல், தலைமுடியை அவிழ்த்துவிட்டு, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி இன்னொரு தடவை அளந்துவிடுங்கள், கொண்டையோடு அளந்து 3 செ.மீ. கூடியிருந்தாலே 16.3 என்பது உண்மையில் 17. ஆறு மாதம் கழித்து மறுபடி அளங்கள். புள்ளி அவள் வந்துகொண்டிருந்த கோட்டை விட்டுக் கீழே சரிந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள், பவுடர் கடைக்கு அப்போதும் போக வேண்டாம்.